ஒன்றும் செய்யாத டாங்கிள்

பாயா ரும்புட் கடைவரிசையில், ஒரு டயர் கடையின் மேல்மாடியில், மலாக்கா இந்தியர் தொழில்நுட்ப முன்னேற்றக் கழகம் இயங்கி வந்தது. கழகத்துக்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், நான்கு சுழல் நாற்காலிகள், இரட்டைப் பூட்டுப் போட்ட ஓர் இரும்பு அலமாரி ஆகியவை இருந்தன. முன்னேற்றம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அதையும் வரவழைத்துவிடுவது என்று 1998ஆம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

ஜனங்கள் வெள்ளி என்று சொல்கிற ரிங்கிட் அந்த வருடம் மதிப்புச் சரிந்து, தொழிற்சாலைகள் ஆட்களை பஸ் பஸ்ஸாக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒருத்தி பவானேஸ்வரி. ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பதினெட்டு வயதில் தொழிற்சாலை பஸ் ஏறி, பதினேழு வருடம் சர்க்யூட் போர்டுகளோடு வாழ்ந்தவள். ரேடியோவின் முதுகைத் திறந்தால் செம்புக்கோடு ஓடும் பச்சைப் பலகை ஒன்று தெரியுமே, அதுதான். முதலில் அதில் ஈயம் வைத்தாள். அப்புறம் பிழை பார்த்தாள். கடைசியில் கம்ப்யூட்டரில் அதை வரையவும் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்ட மறுமாதம் வேலை போயிற்று. கழகம் அவளைக் கூப்பிட்டு 'மின்னணு வடிவமைப்புத் துறைத் தலைமைப் பயிற்றுநர்' என்று நியமித்தது. துறையில் வேறு யாரும் இல்லாததால் தலைமைக்குப் போட்டி இருக்கவில்லை.

மாணவிகள் பதினொரு பேர். எல்லாரும் அவளைப் போலவே வேலை போனவர்கள். ஜனவரியில் ஒரு தொழிற்சாலை டெக்னீஷியன்களை எடுக்கப்போகிறது என்றும், சொந்தமாக வரைந்து செய்த ஒரு போர்டும் அதற்கொரு சான்றிதழும் கொண்டுவருபவர்களைத்தான் நேர்முகத்துக்கு அழைக்கும் என்றும் செய்தி வந்திருந்தது. அதை நம்பித்தான் பதினொரு பேரும் தினமும் இரண்டு பஸ் மாறி வந்தார்கள். மங்களம் என்பவள் மூன்று பஸ்.

போர்டு வரைய மென்பொருள் வேண்டும். கழகத்திடம் அது இருந்தது. 'ட்ரேஸ் ராயல் கோல்டு' என்று பெயர். நல்ல காலத்தில், மானியம் தாராளமாக வந்தபோது, சிங்கப்பூரிலிருந்து தருவித்தது. அது ஓட வேண்டுமானால் கம்ப்யூட்டரின் பின்புறம், பிரிண்டர் ஒயர் குத்தும் இடத்தில், தீப்பெட்டி அளவில் ஒரு சாம்பல்நிறக் கட்டியைக் குத்த வேண்டும். டாங்கிள் என்று அதற்குப் பெயர். டாங்கிள் இல்லையென்றால் மென்பொருள் திறக்காது. வாங்கியவன் நான்தான் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

கழகத்தின் சொத்திலேயே விலை உயர்ந்தது அந்தக் கட்டிதான் என்று தெரிந்ததும், செயலாளர் புவனேந்திரன் அதை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். இலாகா ஒன்றில் முப்பது வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அலமாரியின் ஒரு பூட்டுக்குச் சாவி அவரிடம். மற்றொன்றுக்குச் சாவி தலைவர் வீராசாமியிடம். தலைவரோ பொதுச்சேவை காரணமாக எங்கேயும் இருப்பவர். ஆகவே எங்கேயும் இல்லாதவர். அந்த டாங்கிள் வருடத்தில் இருமுறை வெளியே வந்தது. ஒன்று, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பார்வைக்கு வைக்க. மற்றொன்று, சரஸ்வதி பூஜையில் பொட்டு வைக்க. சந்தனம் காய்ந்து அதன் ஊசிகள் இரண்டில் இறுகிப்போனது பவானேஸ்வரிக்குத் தெரியும். அதை எடுத்துக் குத்தினாலும் இனி வேலை செய்யாது. ஆனால் எடுத்துக் குத்தப்போவதில்லை என்பதால் அதை யாரும் ஒரு குறையாகக் கருதவில்லை.

நான்கு மாதம் பாடம் இப்படித்தான் நடந்தது: கையேட்டைப் போட்டோஸ்டாட் எடுத்துக் கொடுத்தார்கள். மாணவிகள் கம்ப்யூட்டர் திரையைத் தாளில் வரைந்து, அதில் எங்கே அழுத்தினால் என்ன வரும் என்று மனப்பாடம் செய்தார்கள். மங்களம் எண்பத்தேழு கட்டளைகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள். ஒரு கோடு வரைந்ததில்லை.

"அக்கா, இது சைக்கிள் படத்தக் காட்டி சைக்கிள் ஓட்டச் சொல்ற மாதிரி இருக்குலா," என்றாள் ஒருநாள்.

பவானேஸ்வரி செயலாளரிடம் போய் நின்றாள்.

"டீச்சர், அந்தப் பொருள் தொலைஞ்சா யார் பொறுப்பு?" என்றார் அவர்.

"பயன்படுத்தாம இருந்தா படிப்புக்கு யார் சார் பொறுப்பு?"

"படிப்பு தொலைஞ்சா புகார் குடுக்க ஃபாரம் கிடையாது. பொருள் தொலைஞ்சா இருக்கு." அவர் அதை வருத்தத்தோடுதான் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை அவள் தஞ்சோங் கிளிங் கடற்கரைச் சாலையில் அப்துல் ஹமீதின் கடைக்குப் போனாள். ஹமீது முன்பு பாத்திரம் விற்றவர். காலம் மாறியதும் ஒரு பக்கம் கம்ப்யூட்டரும் மறுபக்கம் பாத்திரமும் வைத்துக்கொண்டார். அவளுடைய கதையைக் கேட்டுவிட்டு, கல்லாவுக்கு அடியிலிருந்த பிளாஸ்டிக் கூடையை இழுத்தார். அதில் நாற்பது ஐம்பது குறுந்தட்டுகள் கிடந்தன.

"வெளிநாட்டு புஸ்தகத்தோட சும்மா வந்தது தங்கச்சி. லினக்ஸ்னு ஒண்ணு. அதுக்குள்ள போர்டு வரையிற சாமானும் இருக்காம். வேணும்னா எடுத்துக்க."

"எவ்வளவு பாய்?"

"சும்மா."

"சும்மான்னா... திருட்டா?"

"அட, திருட்டா இருந்தா பத்து வெள்ளி சொல்லியிருப்பேனே! இது நெசமாவே சும்மா. நீ எடுத்துக்கலாம், உள்ள எப்படி எழுதியிருக்குன்னு பாக்கலாம், பிடிக்கலன்னா மாத்தலாம், அடுத்தவங்களுக்கும் குடுக்கலாம். செஞ்சவங்களே அப்படி எழுதி வச்சிருக்காங்க. ஆறு மாசமா வாசல்ல வச்சுப் பாத்துட்டேன். ஒரு ஆள் தொடல. சும்மா குடுக்குறான்னா ஏதோ கோளாறுன்னு நெனைக்கிறாங்க."

கோளாறு இல்லாமலும் இல்லை. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றவே பவானேஸ்வரிக்கு ஒன்பது நாள் பிடித்தது. மௌஸ் வந்தால் பிரிண்டர் போயிற்று. பிரிண்டர் வந்தால் திரை இருண்டது. உதவிக் குறிப்பைத் திறந்தால், 'இந்தப் பகுதியை இன்னும் எழுதவில்லை, உங்களுக்குத் தெரிந்தால் எழுதி அனுப்புங்கள்' என்று இருந்தது. ட்ரேஸ் ராயலில் போர்டில் பொருத்தும் உறுப்புகளின் படம் ஆயிரம் தயாராக இருந்தது என்றால், இதில் முப்பது. மீதியை அவளே வரைந்துகொள்ள வேண்டும். ஆனாலும் பத்தாம் நாள் ஒரு கோடு வரைந்தாள். அது திரையில் நின்றது. எந்தப் பூட்டும் குறுக்கே வரவில்லை. தன்னையறியாமல் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அந்த மாடியில் முன்னேற்றம் கட்டுக்கடங்காமல் போயிற்று. பதினொரு பேரும் கழகத்தின் ஆறு கம்ப்யூட்டர்களில் முறைபோட்டு வரைந்தார்கள். அவர்கள் வரைந்தது, தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் கத்துகிற அலாரம் போர்டு. குழாய் வற்றிய வருடத்தைப் பார்த்த ஊரில் அதன் அருமை எல்லாருக்கும் தெரியும். வரைந்ததைப் பளபளப்புத் தாளில் அச்செடுத்து, செம்புத் தகட்டில் சலவைப்பெட்டியால் தேய்த்து ஒட்டினார்கள். தேஓ என்கிற பால் விடாத தேநீரின் நிறத்தில் இருந்த மருந்துக் கரைசலை ஐஸ்கிரீம் டப்பாவில் ஊற்றி, தகட்டை அதில் போட்டு ஆட்டினார்கள். வேண்டாத செம்பு கரைந்து கோடுகள் மட்டும் நின்றபோது, மங்களம் அந்தத் தகட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் கடைசி பஸ்ஸைக்கூட ஓடித்தான் பிடித்தாள்.

மாடியிலிருந்து பதினொரு அலாரங்கள் ஒரே நேரத்தில் கத்திய நாளில், கீழே டயர் கடைக்காரர் புகார் செய்தார். புகாரை விசாரிக்கச் செயலாளர் படியேறி வந்தார். வந்தவர் கம்ப்யூட்டர்களின் பின்புறத்தை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார்.

மூன்றாம் நாள் அவசரச் செயற்குழு கூடியது. தலைவர் வீராசாமியும் வந்திருந்தார்.

"இந்த மென்பொருளோட டாங்கிள் எங்க டீச்சர்?" என்று செயலாளர் தொடங்கினார்.

"இதுக்குக் கிடையாது சார்."

"கிடையாதுன்னா? தொலைஞ்சு போச்சா?"

"இல்ல சார். மொதல்லருந்தே கிடையாது."

"அப்ப யார் வேணும்னாலும் எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கலாம் சார். அதான் அதோட..."

"யார் வேணும்னாலும் எடுத்துக்கக்கூடியத நம்ம பொருள்னு எப்படிப் பதிவு பண்றது? நம்ம பொருள் இல்லன்னா, அடுத்தவன் பொருள். அடுத்தவன் பொருள நாம வச்சிருந்தா அதுக்கு என்ன பேருன்னு நான் பெண்பிள்ளைங்க முன்னால சொல்ல விரும்பல."

தலைவர் இருமினார். "யாரு செஞ்சது இத?"

"நெறைய பேரு தலைவரே. ஜெர்மனில ஒருத்தர், பிரேசில்ல ஒருத்தர். அவங்கவங்க வீட்டுல இருந்து செஞ்சது. ஒருத்தர ஒருத்தர் பாத்ததுகூட இல்லையாம்."

"சங்கம் இருக்கா அவங்களுக்கு?"

"இல்ல."

"தலைவர்?"

"அப்படி யாரும் இல்ல."

வீராசாமியின் முகம் வாடிவிட்டது. தலைவர் இருந்தும் முடியாத காரியங்களை அவர் ஏராளமாகப் பார்த்திருந்தார். தலைவர் இல்லாமல் முடிந்த காரியம் ஒன்று உலகத்தில் இருப்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. "பாத்து செய்யுங்க புவனேந்திரன். இது பரவினா நல்லதில்ல," என்றார்.

டாங்கிள் இல்லாத மென்பொருளால் வரையப்பட்ட போர்டு, போர்டு ஆகாது என்றும், ஆகாத போர்டுக்குச் சான்றிதழ் தருவதற்கில்லை என்றும் முடிவு செய்தார்கள். மாணவிகள் மேல் இரக்கம் கொண்டு ஒரு சலுகையும் அளித்தார்கள். முறையான பெயரும் முறையான டாங்கிளும் இருக்குமானால் மறுபரிசீலனை செய்யப்படும். இந்த முடிவுகளைச் செயலாளர் அங்கேயே தட்டச்சு செய்தார். அவர் தட்டச்சு செய்த மென்பொருள் தங்கா பத்து பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய திருட்டுக் காப்பி. கூட்டம் முடிந்ததும் தலைவர் எல்லாருக்கும் புதுப்பட வீசிடி ஒவ்வொன்று கொடுத்தார். அதுவும் அதே கடைதான்.

நேர்முகத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. பவானேஸ்வரி அன்று பஸ்ஸில் அழவில்லை. கணக்குப் போட்டாள். அவர்கள் கேட்பது பெயரும் கட்டியும்தான். கட்டிக்குள்ளே என்ன இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

ஹமீதின் கடையிலிருந்து ஒரு சாம்பல்நிற டப்பாவும், பிரிண்டர் வாயில் குத்துகிற மாதிரி ஓர் உறுப்பும் வாங்கினாள். உள்ளே வைக்க விரல்நீளப் போர்டு ஒன்றை அந்த இலவச மென்பொருளிலேயே வரைந்தாள். குத்தினால் ஒரு சின்னச் சிவப்பு லைட்டு எரியும். வேறொன்றும் கிடையாது. டப்பாவின் மேல் 'டிசைன் 2000 புரொஃபெஷனல்' என்று ஒட்டினாள். அப்போது மிக்ஸியிலிருந்து முடிவெட்டும் கடை வரைக்கும் எல்லாவற்றுக்கும் 2000 என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த காலம்.

அவள் பொய் சொல்லவில்லை. செயலாளர் முன்னால் அதை வைத்து, உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள்.

"இது என்ன செய்யும் டீச்சர்?"

"சிவப்பு லைட்டு எரியும் சார்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் சார். உண்மையச் சொல்லணும்னா இது ஒண்ணும்..."

"இதக் குத்தினா மென்பொருள் ஓடுதா?"

"ஓடுது சார். ஆனா..."

செயலாளர் கையை உயர்த்தினார். "போதும். கேட்க வேண்டியதை நான் கேட்டாச்சு. கேட்காததுக்குப் பதில் சொல்றது முறையில்ல."

டாங்கிளுக்குப் பதிவு எண் ஒட்டினார்கள். வெற்றிலைத் தட்டில் வைத்து அறிமுக விழா நடத்தினார்கள். தலைவர் கத்தரிக்கோலால் ரிப்பனை வெட்டி, லைட்டு எரிந்ததும் கைதட்டினார். விழா முடிந்ததும், முறைப்படி, அதை இரும்பு அலமாரியில் வைத்து இரண்டு பூட்டும் போட்டார்கள்.

மறுநாள் வகுப்புக் கதவில் ஓர் அறிவிப்பு தொங்கியது: 'டாங்கிள் பொருத்தப்படாத கம்ப்யூட்டரின் முன் அமர்தல் கண்டிப்பாகத் தடை செய்யப்படுகிறது.'

பதினொரு பேரும் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கீழே டயருக்குக் காற்று அடிக்கிற சத்தம். பவானேஸ்வரி அறிவிப்பை இரண்டாம் தடவை படித்தாள். தானே செய்த பூட்டு. தானே மாட்டிக்கொண்டது.

மங்களம்தான் பேசினாள். "அக்கா, அலமாரிக்குள்ள எவ்வளவு எடம் இருக்கு?"

"ஏன்?"

"ட்ரோஃபி, பொன்னாடை, பழைய மாலையெல்லாம் அதுக்குள்ளதானே இருக்கு. இன்னொரு டாங்கிள் போனா கதவு மூடாது. நாங்க பதினொரு பேரு ஆளுக்கொண்ணு செஞ்சா?"

அப்படியே செய்தார்கள். ஹமீது தன் கடைக் கம்ப்யூட்டரைப் பதினைந்து நாளுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். ஒருத்தி வரைய, ஒருத்தி சலவைப்பெட்டி தேய்க்க, பாத்திரப் பக்கத்திலிருந்த சட்டி ஒன்றில் மருந்து கலக்கினார்கள். பவானேஸ்வரி தன் டாங்கிள் வரைபடத்தை டிஸ்கெட்டில் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்து, "இத மாத்தி மாத்திப் பாத்துப் படிங்க," என்றாள். பதினொரு டாங்கிள்களும் செயலாளர் மேசைக்குப் போயின. அவர் முதலில் மிரண்டார். பிறகு விரல்விட்டு எண்ணினார். டீச்சர் முன்பு கொடுத்ததோடு பன்னிரண்டு. மாநிலத்திலேயே வேறெந்தக் கழகத்திடமும் பன்னிரண்டு உரிமம் கிடையாது. எல்லாவற்றுக்கும் பதிவு எண் போட்டார். அலமாரியைத் திறந்து வைத்துப் பார்த்தார். மூடவில்லை. சாய்த்து வைத்தார், நிமிர்த்தி வைத்தார், ஒரு பொன்னாடையைச் சுருட்டியும் பார்த்தார். அலமாரியில் இடமில்லாத காரணத்தால் டாங்கிள்கள் கம்ப்யூட்டர்களிலேயே குத்தி வைக்கப்பட்டு, அந்த மாதம் பதினெட்டாம் தேதி முதல் கழகத்தில் கல்வி நடைபெறலாயிற்று.

சான்றிதழும் வந்தது. 'மின்னணுப் பாதுகாப்புச் சாதன வடிவமைப்பில் தேர்ச்சி' என்று பொன்னெழுத்தில். தண்ணீர் அலாரம் போர்டுகள் செல்லாதவை ஆகிவிட்டதால், பதினொரு பேரும் டாங்கிளைத்தான் கையில் எடுத்துக்கொண்டு நேர்முகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த இன்ஜினியர் ஒவ்வொருத்தியிடமும் இது என்ன செய்யும் என்று கேட்டார். பத்துப் பேர் சான்றிதழில் இருந்ததைப் படித்துக் காட்டினார்கள். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். மங்களம் மட்டும், "ஒண்ணும் செய்யாது சார். லைட்டு எரியும்," என்றாள்.

பத்துப் பேருக்கு வேலை கிடைத்தது.

பவானேஸ்வரி அன்று மங்களத்தைத் தேடி வீட்டுக்கே போனாள். மங்களம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "உள்ளதச் சொன்னேன்கா. வேற என்ன சொல்றது?" என்றாள். பவானேஸ்வரி வாளியை அவள் கைக்கு எட்டும்படி நகர்த்திக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

இதற்கிடையில் தமிழ்ப் பத்திரிகையில் தலைவர் டாங்கிளை ஏந்தி நிற்கும் படம் வெளிவந்தது. 'நம்மவர் கண்டுபிடித்த ஒரிஜினல்' என்று தலைப்பு. அதன் பிறகு ஹமீதின் கடையில் கூட்டம். ஆறு மாதம் கூடையில் சும்மா கிடந்த அதே குறுந்தட்டை, கழகம் செய்து கொடுத்த டாங்கிளோடு சேர்த்து விலை வைத்ததும் ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். போர்டு வரைகிறவர்கள் மட்டுமல்ல. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவர் வாங்கிக் குத்தினார். டியூஷன் சென்டரில் குத்தினார்கள். சிவப்பு லைட்டு எரிந்தால்தான் வாடிக்கையாளருக்கு நம்பிக்கை வருகிறதாம்.

"என்ன கூத்து தங்கச்சி இது," என்றார் ஹமீது. "சும்மா குடுத்தப்ப என்னைய ஏமாத்துக்காரன்னு பாத்தாங்க. இப்பதான் சலாம் போடுறாங்க."

கழகம் டாங்கிள் தயாரிப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, பவானேஸ்வரியை அதற்கு மேலாளராக்கியது. சுழல் நாற்காலி கிடைத்தது. அவள் முதலில் கூச்சத்தோடுதான் அதில் உட்கார்ந்தாள். பிறகு கூச்சம் போய்விட்டது. போர்டின் ஓரத்தில் செம்புக்கோடு திரும்புகிற இடத்தை இன்னும் அழகாக வளைத்தாள். ஈயப் புள்ளிகள் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். ஒன்றும் செய்யாத ஒரு பொருளை இவ்வளவு சுத்தமாகச் செய்கிறவர்கள் மலாக்காவில் வேறு யாரும் இல்லை என்று அவளுக்கே தோன்றத் தொடங்கியது.

ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் செயலாளர் கைக்குட்டையால் எதையோ பிடித்துக்கொண்டு வந்து அவள் மேசையில் வைத்தார்.

"டீச்சர், நெஞ்சைத் திடப்படுத்திக்குங்க. போலி வந்துடுச்சு."

டிசைன் 2000தான். அதே சாம்பல் டப்பா. அதே எழுத்து. கம்ப்யூட்டரில் குத்தினார்கள். சிவப்பு லைட்டு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. கண் சிமிட்டியது.

"தங்கா பத்து பாசார் மாலாம்ல விக்கிறாங்களாம். நம்ம விலையில கால்வாசி. ஒரு நபர் விசாரணைக் குழு அமைச்சிருக்கோம். அந்த நபர் நீங்க."

பவானேஸ்வரி டப்பாவைத் திறந்தாள். பாதிப் போர்டைக் கறுப்பாக ஏதோ மூடியிருந்தது. மீதிப் பாதியில் அவளுடைய கோடு. அவளுடைய வளைவு. அவசரத்தில் ஓர் இடத்தில் தேவையில்லாமல் சுற்றிவிட்டிருந்தாள். அந்தச் சுற்றுகூட அப்படியே இருந்தது. டப்பாவை மூடிக் கைப்பையில் போட்டாள்.

மாலை ஐந்தரைக்கு, வெயில் இறங்கும் முன்பே, பாசார் மாலாமுக்குப் போய்விட்டாள். பொரித்த கோழிக் கடைக்கும் வீசிடிக் கடைக்கும் நடுவில், ஒரு மடக்கு மேசைக்குப் பின்னால் மங்களம் நின்றாள்.

"வாங்கக்கா. பசியாறிட்டீங்களா?"

"மங்களம், இது என்னோட டிசைன்."

"ஆமாக்கா. உங்களோடதுதான். டிஸ்கெட்டுல நீங்கதானே குடுத்தீங்க."

"படிக்கக் குடுத்தேன்."

"படிச்சேன்கா. நீங்க மாத்திப் பாருன்னு சொன்னீங்க. மாத்திப் பாத்தேன். லைட்டு சும்மா எரிஞ்சா நல்லால்ல, கண் சிமிட்டுனா நல்லாருக்கும்னு தோணுச்சு. செஞ்சேன்."

"கேக்காம எடுத்து விக்கிறதுக்குப் பேரு என்ன தெரியுமா?"

மங்களம் உண்மையாகவே யோசித்தாள். "நீங்க ஜெர்மன்காரர்கிட்ட கேட்டீங்களாக்கா?"

பவானேஸ்வரி திரும்பி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். கோபம் வீடு வரைக்கும் கூடவே வந்தது. ஜெர்மன்காரர் விஷயம் வேறு என்று பஸ்ஸில் தனக்குத்தானே மூன்று விதமாக நிரூபித்தாள். மூன்றும் அடுத்த நிறுத்தத்துக்குள் இடிந்து விழுந்தன. அப்படியும் கோபம் போகவில்லை. அந்த ஈயப் புள்ளிகள்! ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. அவள் பெயர் கெட்டுப்போகாதா?

மறுநாள் அறிக்கை எழுதினாள். போலி என்று எழுத ஒரு காரணம் வேண்டும். இரண்டிலும் மென்பொருள் ஓடுகிறது. இரண்டையும் எடுத்துவிட்டாலும் ஓடுகிறது. நெடுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு, செயலாளரின் பாணியில் இப்படி எழுதினாள்:

'மேற்படி பொருளை முறைப்படி ஆய்வு செய்ததில், கழகத்தின் ஒரிஜினல் சாதனம் எந்தவொரு வேலையும் செய்வதில்லை என்பது ஐயத்துக்கிடமின்றி நிரூபணமானது. கைப்பற்றப்பட்ட சாதனமோ கண் சிமிட்டும் வேலையைச் செய்கிறது. ஆகவே அது போலி.'

கையெழுத்துப் போட்டாள். செயலாளர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, முப்பது வருட அனுபவத்தில் இவ்வளவு தெளிவான அறிக்கையைத் தாம் கண்டதில்லை என்றார். பத்திரிகைக்கும் அனுப்பினார். 'கண் சிமிட்டினால் போலி! பொதுமக்கள் ஏமாற வேண்டாம்' என்று வெளிவந்தது.

பொதுமக்கள் ஏமாறவில்லை. சிமிட்டுகிற டாங்கிள் ஒன்று இருக்கிறது என்று தெரியாதவர்களும் அதைப் படித்துத் தெரிந்துகொண்டார்கள். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவர் ஒரிஜினலைக் கழற்றி எறிந்துவிட்டு மூன்று போலி வாங்கினார். ஹமீதின் கடையில், "பாய், போலி இல்லையா?" என்று கேட்டு, இல்லை என்றதும் திரும்பிப் போனார்கள். கழகத்தின் தயாரிப்புப் பிரிவில் டாங்கிள்கள் பெட்டி பெட்டியாகத் தேங்கின. அவற்றை வைக்க இன்னோர் இரும்பு அலமாரி வாங்க வேண்டியதாயிற்று.

மே மாதத்தில் தலைவர் வீராசாமி பவானேஸ்வரியைத் தனியே கூப்பிட்டார்.

"நம்மளோடதும் சிமிட்டணும்மா. அந்தப் பொண்ணு உங்க மாணவிதானே? போயி எப்படின்னு மெதுவா கேட்டுட்டு வந்துடுங்க."

"தலைவரே, சிமிட்டுனா போலின்னு நான்தான் எழுதிக் குடுத்திருக்கேன்."

"அது அவங்க சிமிட்டுறது. நாம சிமிட்டுனா அதுக்குப் பேரு புதிய பதிப்பு."

அவள் மறுபடியும் தங்கா பத்துக்குப் போனாள். மங்களத்தின் மேசை இப்போது இரண்டு மேசைகளாகியிருந்தது. வேலைக்கு ஒரு பெண் நின்றாள். மங்களம் எப்போதும் போல எழுந்து வரவேற்றாள். கரும்புச்சாறு வாங்கித் தந்தாள். பேச்சு அங்கே இங்கே சுற்றிவிட்டு, கடைசியில் பவானேஸ்வரி ஒரு டாங்கிளைக் கையில் எடுத்தாள். டப்பாவைத் திறந்தாள். விசாரணை நாளில் கோபத்தில் சரியாகப் பார்க்காத அந்தக் கறுப்புப் பகுதியை இப்போது உற்றுப் பார்த்தாள். சிமிட்டல் நடக்கிற இடம் முழுவதும் ஒரு கறுப்புப் பசையை ஊற்றி இறுக வைத்திருந்தது. உள்ளே என்ன உறுப்பு, எந்தக் கோடு எங்கே போகிறது, ஒன்றும் தெரியவில்லை.

"இதுக்குள்ள என்ன சிப்பு போட்டிருக்க மங்களம்?"

மங்களம் தலையைக் குனிந்துகொண்டாள். சங்கடப்பட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"அதச் சொல்ல முடியாதுக்கா. கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்சது. நாளைக்கே எவனாவது காப்பியடிச்சுட்டான்னா?"

பவானேஸ்வரி டப்பாவை வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பி, கறுப்புப் பசையின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் மெல்லக் கிளப்பிப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. நகம்தான் வளைந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

"அக்கா," என்றாள் மங்களம், மரியாதை குறையாமல். "வாங்குறதுன்னா வாங்குங்க. சுரண்டாதீங்க."